கோயிலுக்கு முதுகு காட்டி நிற்பவள்

பிரான்சில் முப்பத்தைந்தாயிரம் ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம் ஊர்களில் நான் தபால் கொடுத்திருக்கிறேன். மிச்ச ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுத உலகத்தில் ஆளே கிடையாது. முத்துராமனிடம் நான் இப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் பை போனது ஏழெட்டு ஊர்களுக்கு. காரைக்காலில் பிறந்து, பிரான்சுக்குப் போய்த் தபால்காரனாக இருந்து, ஓய்வு பெற்று, இப்போது அபுதாபியில் மகள் சப்ரீனா வீட்டு ஏசியில் ஊறிக்கொண்டிருக்கிற மனுஷன் கொஞ்சம் கூட்டிச் சொல்லாவிட்டால் பொழுது எப்படிப் போகும்?

முத்துராமன் முசஃபாவில் மெக்கானிக். அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். சப்ரீனாவின் கார் மாதத்தில் பாதி நாள் அவன் ஒர்க் ஷாப்பில்தான் கிடக்கும். மீதி நாள் அங்கே போகத் தயாராகிக்கொண்டிருக்கும். ஆகஸ்டு மாத மதியம் ஒன்றில் நானும் அவளும் கார் எடுக்கப் போனோம். ரோட்டில் முட்டையை உடைத்தால் ஆம்லெட் ஆகாது, நேராகக் கோழியே வறுபட்டு எழுந்து ஓடும், அப்படி ஒரு வெயில். முத்துராமன் என் கையைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"ஐயா, உங்களுக்குத்தான் பிரான்சுல எல்லா ஊரும் தெரியுமே. என் தங்கச்சி எந்த ஊர்ல இருக்கான்னு சொல்லுங்க."

"அதை அவளிடம் கேட்க வேண்டியதுதானே தம்பி?"

"அவளுக்கே தெரியலய்யா."

அவன் தங்கை பானுமதி, ஒர்க் ஷாப் முதலாளியான அர்பாப் வீட்டில் வேலை செய்கிறாள். வேலை வாங்கிக் கொடுத்ததே இவன்தான். கோடை விடுமுறைக்குப் போன அர்பாப் குடும்பம் அவளையும் பிரான்சுக்குக் கூட்டிப்போய்விட்டது. இருட்டில் காரில் கொண்டுபோய், பெரிய மதில் வைத்த வீட்டில் இறக்கினார்கள். போன வாரம் கொதிக்கிற எண்ணெய் அவள் வலது கையில் கொட்டிவிட்டது. டாக்டரிடம் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று மேடம் பற்பசையைத் தடவிவிட்டு, சமையலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது கை வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. பாஸ்போர்ட்டும் பெரிய போனும் மேடத்திடம். சோப்புத்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்த பட்டன் போன் ஒன்றுதான் அவளிடம் மிச்சம்.

"அர்பாப் அங்க வேற ஊர்ல வேலையா இருக்காரு. போன் பண்ணி எந்த ஊர்னு கேட்டேன்யா. 'அவ நல்லாத்தான் இருக்கா, ஊர்ப் பேரு உனக்கு எதுக்கு, வேலையப் பாரு'ன்னுட்டாரு."

சப்ரீனா என்னைப்போல இல்லை. பேசுவதற்கு முன்னால் செய்துவிடுகிற ரகம். பிரான்சில் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்துக்கு அங்கேயே நின்று போன் போட்டாள். அவர்கள் சொன்னது இதுதான்: ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், கிராமத்துப் போலீஸ் போய்க் கதவைத் தட்டும். பெயர் இல்லாமல் எந்தக் கதவைத் தட்டுவது?

மேடம் பிள்ளைகளோடு கால்வாயில் படகு விடப் போகிற நேரத்தில்தான் பானுமதி பேசுவாள். நாங்கள் மூவரும் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். போன் வந்ததும் முத்துராமன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஐயா, மாடிச் சன்னல்லேருந்து பாக்குறேன். மாதா கோயில் இருக்கு. கோபுரத்து உச்சியில சேவல் நிக்கிது. கோயிலுக்கு எதிர்த்தாப்ல கொடி பறக்குற ஆபீசு. ஆபீசுக்குப் பின்னால பெரிய தண்ணித் தொட்டி, மேல ஓடு போட்டிருக்கு. அதத் தாண்டுனா கல்லுப் பாலம்."

அவள் தவறே செய்யவில்லை. இந்த அரபு நாடுகளில் நாம் அப்படித்தானே வழி சொல்கிறோம்? பள்ளிவாசலுக்குப் பின்னால், பார்மசிக்கு எதிரில், பக்காலா என்கிற மளிகைக் கடைக்குப் பக்கத்துச் சந்து. இப்படிச் சொன்னால் இங்கே பிரியாணி சூடு ஆறாமல் வந்து சேரும். பிரான்சிலோ சேவல் நிற்காத கோபுரம் அபூர்வம். அவள் சொன்னதைக் கேட்டால் முப்பத்தைந்தாயிரம் ஊரும் ஒரே நேரத்தில் 'நான்தான் அது' என்று கையைத் தூக்கும்.

ஆனால் எனக்கு வாய் நிற்குமா? "அந்தத் தொட்டி இருக்கிறதே அம்மா, அது ஊர்ப் பெண்கள் துணி துவைத்த இடம். ஊர் வம்பெல்லாம் அங்கேதான் அலசப்படும். நான் வேலை பார்த்த ஊரில் அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகூடப் புறம் பேசும்..."

"ஐயா!" முத்துராமன் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். ஹாரன் அலறியது. "அவ கை வெந்து கெடக்கு. தொவைக்கிற கதைய அப்பறமா வச்சுக்குங்க."

வாயை மூடிக்கொண்டேன். சப்ரீனா கேட்டாள்: "மாடு ஏதாவது தெரியுதா பானு?"

"தெரியுதுக்கா. எல்லாமே வெள்ள மாடு. பெருசு பெருசா."

என் நிமிர்வைப் பார்க்க வேண்டுமே! வெள்ளை மாடு, கால்வாய், படகு. பிரான்சின் நடுவயிற்றுப் பகுதி அது. "பெயர்ப் பலகை இருக்கிறதா அம்மா?"

"தூரத்துல இருக்குய்யா. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியல. ஆனா தலகீழா மாட்டியிருக்கு."

முத்துராமன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "காய்ச்சல்ல பெனாத்துறாய்யா" என்றான்.

"இல்லை தம்பி. விவசாயிகள் அரசாங்கத்தின் மேல் கோபத்தில் பலகையை எல்லாம் திருகித் தலைகீழாக மாட்டினார்கள். கோபம் தீரவில்லை போல."

அவன் நம்பவில்லை. நான் சொல்கிற உண்மை எதையுமே யாரும் நம்புவதில்லை. அதுதான் என் புளுகுத் தொழில் செய்த கெடுதல். அதற்குள் போன் வெட்டுப்பட்டது.

மறுநாள் அவள் குரல் தடித்திருந்தது. விரலை மடக்க முடியவில்லை என்றாள். சட்டி தூக்க முடியாததற்கு மேடத்திடம் அறையும் வாங்கியிருக்கிறாள். முத்துராமன் டேஷ் போர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

நடுவயிற்றில் மட்டுமே ஆயிரக்கணக்கான ஊர்கள். மறுபடி கோயில், ஆபீசு, பாலம் என்று போனால் ஆகாது. எனக்கு ஒன்று தோன்றியது. "அம்மா, அழகான சாமானெல்லாம் எல்லா ஊரிலும் இருக்கும். உனக்கு அந்த ஊரில் பார்க்கவே பிடிக்காதது எது? அதைச் சொல்."

"ஒரு செல இருக்குய்யா. சந்தியில. எங்க போனாலும் போருக்குப் போனவன் செல துப்பாக்கியோட நிக்கும்னு மேடத்தோட புள்ள சொல்லுச்சு. இங்க ஒரு பொம்பள. முக்காடு போட்டுக்கிட்டு, கைய நெஞ்சோட அணச்சுக்கிட்டு, கோயிலுக்கு முதுகக் காட்டி நிக்கிறா. காலைல சன்னலத் தெறந்தா அவ மொகந்தான். என்னயவே பாக்குற மாரி இருக்கு. பயமா இருக்கு."

நான் சீட்டில் துள்ளியதில் கார் கூரை தலையில் இடித்தது. பிரான்சில் ஊர் தவறாமல் போர் நினைவுக்கல் உண்டு. பெரும்பாலும் வெறும் தூண், இல்லாவிட்டால் மீசை வைத்த சிப்பாய். பெண் சிலை குறைவு. கோயிலுக்கு முதுகு காட்டுகிறவள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்?

நினைவுக்கற்களைத் தேடித் தேடிப் படம் பிடித்து இணையத்தில் போடுகிற பைத்தியங்கள் அந்த நாட்டில் உண்டு. அவர்கள் வாழ்க. சப்ரீனாவின் லேப்டாப்பை ஒர்க் ஷாப் பெஞ்சில் வைத்து மூவரும் பார்த்தோம். தூண், தூண், சிப்பாய், சேவல், தூண், செத்த சிப்பாய், தேவதை. என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முத்துராமன் கிரீஸ் விரலால் திரையைத் தொட்டான்.

"இவதான்."

படத்துக்குக் கீழே பிரெஞ்சில் கதை போட்டிருந்தது. ஊர்ப் பெயர் லுர்சி-லெ-மூலேன். நானூறு பேருக்கும் குறைவான ஊர். ஒரு காலத்தில் மாவு அரைக்கிற ஆலைகளால் பிழைத்தது. முதல் உலகப் போரில் அந்தச் சின்ன ஊர் பறிகொடுத்த பையன்களின் பெயர் கல்லின் நான்கு பக்கமும் நிறைந்திருந்தது. சிலை வந்து இறங்கியதும் அந்தத் தாய் கோயிலைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார் சாமியார். கொடி பறக்கிற ஊர்ச் சபையைப் பார்க்க வேண்டும் என்றார் மேயர்.

"இரண்டு பேரும் கட்டிப் புரண்டு, சாமியார் மேயரின் மீசையில் பாதியைப் பிடுங்கிவிட்டார்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"பப்பா, இதில் மீசையே இல்லை" என்றாள் சப்ரீனா.

மீசை இல்லைதான். கடைசியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களே வந்து நின்று, கோயிலும் வேண்டாம், சபையும் வேண்டாம், பையன்கள் நடந்துபோன ரோட்டைப் பார்த்து வையுங்கள் என்று சொன்னதாகப் போட்டிருந்தது. அதோடு கூட்டிச் சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

சப்ரீனா உடனே சங்கத்துக்குப் போன் செய்தாள். போலீஸ் நாளை மதியம் போகும் என்றார்கள். ஆனால் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து 'அப்படி யாருமில்லை' என்றால் இழுபடும். அந்த நேரத்துக்கு அந்தப் பெண் தானாக வெளியே வந்து சிலைக்குக் கீழே நின்றால் நல்லது.

முத்துராமன் லிப்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த பிக்கப்புக்கு அடியில் போய் நின்றான். நான் பின்னாலேயே போனேன். அவன் கையில் ஸ்பானர்கூட இல்லை.

"என்ன தம்பி?"

"அவ வெளிய போனா அர்பாப்புக்கு நான்தான்னு தெரிஞ்சுரும்யா. என் விசாவும் அவருட்டத்தானே கெடக்கு. அனுப்பிட்டாருன்னா..." பாதியில் நிறுத்தி மூக்கைத் தேய்த்தான். மூக்கில் கறுப்பு ஒட்டியது. "ஊர்ப் பேரு தெரிஞ்சாப் போதும், எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

மறுநாள் பானுமதி அழைத்தபோது விஷயத்தைச் சொன்னான். அவள் பதறினாள்.

"பாஸ்போர்ட் இல்லாம ரோட்டுக்குப் போனா போலீசு புடிச்சுருமேண்ணே?"

"புடிக்கட்டும். புடிக்கத்தான வர்றாங்க."

"ஒன் வேல என்னாகும்? அர்பாப் சும்மா விடுவாரா?"

முத்துராமன் என்னைப் பார்த்தான். பிறகு நான் ஆயுளில் கேட்டிராத சாதாரணக் குரலில் சொன்னான்: "அட கழுத, அர்பாப்கிட்ட நேத்தே பேசிட்டேன். அவரே 'பாவம் புள்ள, ஆசுபத்திரிக்குப் போகட்டும்'னுட்டாரு. மேடத்துக்குத்தான் தெரியாது. நீ கெளம்பு."

"நெசமாவா?"

"ஆத்தா மேல சத்தியம்."

நான் சொன்ன புளுகையெல்லாம் கப்பலில் ஏற்றினால் கப்பல் முழுகிவிடும். ஆனால் இந்த ஒன்றுக்கு முன்னால் அத்தனையும் தூசி.

போனை அணைக்காமலே நடந்தாள். படிக்கட்டு. சரளைக்கல். ஒரு நாய் குரைத்தது. இரும்புக் கதவு முனகியது. பிறகு வெறும் காற்று. சப்ரீனா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"வந்துட்டேண்ணே. செலகிட்ட நிக்கிறேன். யாரையும் காணோமே."

"நில்லு. நகராத."

"படகுலேருந்து திரும்பிட்டாங்கண்ணே. பின்னால மேடம் கத்துது."

"திரும்பாத பானு. ரோட்டப் பாரு."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு கார் நிற்கிற சத்தம். ஓர் ஆணின் குரல் பிரெஞ்சில் 'வணக்கம் அம்மா' என்றது. அவள் போனை அப்படியே அவரிடம் நீட்டியிருக்க வேண்டும். நான் பேசினேன். பெயர், வயது, கை, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது. ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. கையைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, அந்தக் குரல் சட்டென்று மாறியது. முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் பிறகு என்றது.

அதைத் தமிழில் சொன்னதும் முத்துராமன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு இறங்கிப் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

டீ சொல்லலாம் என்று நான் வாயெடுக்கும்போது அவன் போன் அடித்தது. திரையில் 'அர்பாப்' என்று வந்தது. சப்ரீனா, "எடுக்காதீங்க, முதல்ல ஒரு வக்கீலைக் கேட்கலாம்" என்றாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுக்கலேன்னா அவளத் தேடிப் போவாருக்கா. என்னயத் திட்டுற வரைக்கும் அவளுக்கு நேரம் கெடைக்கும்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

"சலாம் அலைக்கும் அர்பாப்" என்றான். "ஆமா, நான்தான்."