மூக்கின் கீழே ஒரு கண்ணாடி

அம்மா வருகிறாள் என்றதும் இரண்டாவது தலையணை வாங்கினேன். இந்த அறைக்குக் குடிவந்து பதினான்கு மாதம். அதுவரை ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கக்கூட யாரும் வந்ததில்லை. வீட்டுக்காரர் படியில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவார்.

வருகிறவளை என்னோடேயே இருத்திவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அதற்குத்தான் தலையணை.

நான் பேச்சுப் பயிற்சி படித்தவள். ஒரு பல் மருத்துவமனையில் வேலை. வாயைத் திறந்தபடியே மூச்சு விடுகிறவர்களுக்கு நாக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லித்தருகிறேன். இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டவர்கள் உண்டு. இருக்கிறது. சும்மா இருக்கும்போது நாக்கு கீழே படுத்துக் கிடக்கக் கூடாது. ‘ன’ சொல்லும்போது நுனி எங்கே தொடுகிறதோ அங்கே நுனி, மீதி நாக்கு அண்ணத்தோடு ஒட்டி, உதடு மூடி, மூக்கால் மூச்சு. வளர்கிற பிள்ளைக்கு இது மாறிப் பழகிவிட்டால் மேல்தாடை குறுகிப் பல் முண்டியடிக்கலாம். பெரியவர்களுக்குத் தூக்கம் கெடும், காலையில் எழும்போதே அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘நாக்கு மேலே’ என்கிறேன். சில நாட்களில் நான் பேசுகிற மொத்தப் பேச்சே அதுதான்.

சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டை எல்லோரோடும்தான் சாப்பிட்டேன். எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இரண்டு டாக்டர் இருந்தார்கள். உங்க அப்பா என்ன பண்றார் என்றார்கள். இல்லை என்றேன். அம்மா? பஞ்சு மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிறாள் என்றேன். “ஓ” என்றார்கள். அந்த ‘ஓ’வுக்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. நானும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு நாளில் எடுத்த படத்தில் அம்மா என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். போட்டோக்காரன் மூன்று தடவை “அம்மா, வாயை மூடுங்க” என்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரித்தவர்கள் மேல் எரிந்திருக்க வேண்டும். எரிந்தது அம்மா மேல். நான்கு வருடம் நான் படித்ததெல்லாம் அந்தப் படத்தில் பாடப்புத்தக உதாரணம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

வேலை நிரந்தரமானதும் ஃபோனில் ஆரம்பித்தேன். ஆறு மாதம் விடவில்லை. நாக்கை மேலே வை, உதட்டை மூடு, மூக்கால் விடு. சட்டைப் பொத்தானில் நூல் கட்டி அனுப்பினேன். பொத்தானை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து நூலை இழுக்க வேண்டும், பொத்தான் வெளியே வந்துவிடாமல் உதடு பிடிக்க வேண்டும். தினம் பத்து தடவை.

“பண்றியா?”

“பண்றேன்டி. மில்லுல எல்லாரும் கேக்குறாங்க, பொண்ணு என்ன உன் வாய்க்குப் பூட்டு வாங்கி அனுப்பியிருக்கான்னு. முன்ன மாதிரி நீ பேசவே மாட்டேங்கிறியேன்னு மேஸ்திரியே கேட்டுட்டார்.”

“அவங்க கிடக்குறாங்க. நீ பண்ணு.”

வெள்ளிக்கிழமை மதியம் பஸ் நிலையத்தில் இறங்கினாள். உதடு மூடியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அந்தப் பொத்தான். நூல் மட்டும் மாறியிருந்தது.

“பழசு அறுந்துபோச்சு. நானே வேற கட்டிக்கிட்டேன்.”

அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க நான்கு சுவர்தான். சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றாள். பட்டமளிப்புப் படம். சட்டத்துக்குள் நான் மட்டும், ஓரத்தில் ஒரு தோள்.

“இது என் தோள்தானே?”

“சட்டம் சின்னதும்மா. முழுசா வரல.”

“சரி சரி. நீ நல்லா விழுந்திருக்க.”

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது எனக்குச் சுலபம்.

சாப்பிட உட்கார்ந்தோம். நாலு வாய் வைத்துவிட்டுப் போதும் என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து குளியலறைக்குள் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள். வந்தாள். கால்மணி நேரம் கழித்து மறுபடியும் போனாள், மறுபடியும் குழாய்.

“என்னம்மா, வந்ததுல இருந்து அங்கயே குடியிருக்க? சர்க்கரை ஏதும் இருக்கா?”

“அதெல்லாம் இல்ல. பயணம் பண்ணது.”

“தலைவலியா? நெத்தியையே தேச்சிட்டிருக்க.”

“அது கொஞ்ச மாசமா இருக்கு. போயிடும்.”

“இங்கயே இருந்துடும்மா,” என்றேன். தலையணை உறையை மாட்டிக்கொண்டே, என்னவோ கடைக்குப் போய்வா என்கிற மாதிரி சொன்னேன். “மில்லு வேண்டாம். ரெண்டு பேருக்கு இந்த இடம் போதும்.”

“பாக்கலாம்,” என்றாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் நான் மட்டும்தான் பேசினேன். பதினான்கு மாதம் சேர்த்துவைத்த பேச்சு இருந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மில் கதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் பஞ்சு பிரிக்கும் மேஜையில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று குரல் மாற்றி நடித்தே காட்டுவாள்.

மறுநாள் காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். என் அறைக்கதவில் என் பெயர் இருக்கிறது. அதை அவள் பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாள். மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பிள்ளை மாதிரி.

வரவேற்பில் டோக்கன் கொடுக்கிற பெண் எட்டிப் பார்த்தாள். அவளை எல்லோரும் ‘டோக்கன்’ என்றே கூப்பிடுவோம்.

“உங்க அம்மாவாக்கா? உங்களுக்கு எதிர்மாறா இருக்காங்களே, எவ்ளோ அமைதி!”

“உன் வேலையைப் பாரு போ.”

முதலில் வந்தது எட்டு வயதுப் பெண் குழந்தை. முன்பல் துருத்தி, வாய் திறந்து, கண்ணுக்குக் கீழே கருப்பு. அதன் அம்மா உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“எவ்ளோ சொன்னாலும் வாயை மூட மாட்டேங்கிறா மேடம். அடிச்சும் பாத்துட்டேன். நீங்களாவது மிரட்டுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து கைக்கண்ணாடியை எடுத்தேன். குழந்தையின் மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்தேன். “வாயை மூடிட்டு மெதுவா மூச்சு விடு, செல்லம்.” கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஆவி படிந்தது, இரண்டு இலை மாதிரி.

“பாத்தீங்களா? மூக்கு திறந்திருக்கு. இனிமே பழக்கலாம். மூக்கு அடைச்சிருந்தா வாயை மூடச் சொல்லவே கூடாது. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டதான் முதல்ல அனுப்புவோம். இதைப் பாக்காம நான் யாருக்கும் பயிற்சி ஆரம்பிக்க மாட்டேன்.”

தினமும் சொல்கிற பாட்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

அவர்கள் போனதும் முக்காலியிலிருந்து குரல் வந்தது.

“எனக்கு இந்தக் கண்ணாடி வைக்கலையே நீ?”

குறை சொல்லவில்லை. பந்தியில் ஒரு பதார்த்தம் விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு தடவை துடைத்தேன். அவள் முன்னால் மண்டியிட்டு மூக்கின் கீழே பிடித்தேன். வாயை மூடிக்கொண்டு விட்டாள். நெஞ்சு ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. இடது பக்கம் கண்ணாடி அப்படியே பளிச்சென்று இருந்தது. வலது பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மங்கல். அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

அம்மா கண்ணாடியை எட்டிப் பார்த்தாள்.

“பாஸா?”

“எத்தனை நாளா இப்படி?”

“எது?”

“மூக்கு. அடைப்பு.”

“அது மில்லுல சேர்ந்ததுல இருந்தே அப்படித்தான். உனக்கு அப்போ ரெண்டு வயசு.”

“ஏம்மா சொல்லல? ஆறு மாசமா நான் கத்துறேன், மூக்கால விடு மூக்கால விடுன்னு. விட முடியலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“நீ கேக்கலையே. படிச்ச பொண்ணு சொல்லுது, பழகினா மூக்கு தானா திறந்துக்கும்போலன்னு நினைச்சேன்.”

“மூச்சு முட்டாதா உனக்கு?”

“முட்டும். குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள நின்னு வாயால நாலு மூச்சு விட்டா சரியாயிடும். மில்லுல பஞ்சு மூட்டைக்குப் பின்னாடி போயிடுவேன்.” சிரித்தாள். “நீ என்ன ஃபோனுக்குள்ள இருந்து பாக்கவா போற? ஆனா பண்ணாமயே பண்றேன்னு உன்கிட்ட பொய் சொல்ல மனசு வரல.”

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? போட்டோக்காரன் மூன்று தடவை சொன்னான். நான் ஆறு மாதம் சொன்னேன். அதுவும் படித்துவிட்டுச் சொன்னேன்.

மாடியில் இருக்கிற காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறது, மருந்து எழுதித் தருகிறேன், குறையாவிட்டால் அறுவை சிகிச்சை, அடுத்த மாதம் வாருங்கள், பஞ்சுத் தூசியில் நிற்கக் கூடாது என்றார். அதுவரை எப்படி முடிகிறதோ அப்படி மூச்சு விடட்டும் என்றார்.

“கேட்டியாம்மா? இனிமே வாயைத் திறந்துக்கோ. பொத்தானைத் தூக்கிப் போடு.”

“சரிடி.”

“அப்போ இங்கயே இருக்கியா?”

ஞாயிற்றுக்கிழமை காலை, பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“அடுத்த மாசம் வரேன். மேஸ்திரிகிட்ட கேட்டு ஆஃபீஸைக் கூட்டுற வேலைக்கு மாத்திக்கிறேன், அங்க பஞ்சுத் தூசி இல்ல. மில்லுல எனக்குப் பேச நாலு பேர் இருக்காங்கடி. இங்க நான் இருந்தா நீ நாள் பூரா என் வாயையே பாத்துட்டிருப்ப.”

“பாக்க மாட்டேன்.”

“பாப்ப,” என்றாள். கோபமில்லாமல்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் கீழே நின்றேன். புறப்பட இன்னும் பத்து நிமிடம் என்றார் கண்டக்டர். அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்ததும் உதட்டை மூடிக்கொண்டாள். “திற,” என்று சைகை காட்டினேன். தலையாட்டித் திறந்தாள். நான் ஒரு கணம் கண்ணெடுத்துத் திரும்புவதற்குள் மறுபடியும் மூடியிருந்தது. மூக்கின் இரு பக்கமும் உள்ளே இழுத்துக்கொண்டு துடித்தன. அவளுக்கே தெரியாது. என் முகத்தைப் பார்த்தாலே மூடிக்கொள்கிற வாய். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன்.

நான் நிற்கும்வரை அவள் மூச்சு விடப்போவதில்லை.

“வேலை இருக்கும்மா, கிளம்புறேன்,” என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. கையை ஆட்டினாள்.

நடந்து போய்க் கால அட்டவணை ஒட்டியிருந்த தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்து ஜன்னல் தெரிந்தது. என்னைத் தேடிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இல்லை என்று உறுதியானதும் தலையைக் கம்பியில் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து, ஒரு மூச்சு விட்டாள். பிறகு இன்னொன்று. பக்கத்து இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டாள். அம்மா பதில் சொன்னாள், கையை ஆட்டி ஆட்டி, குரல் மாற்றி. அந்தப் பெண் சிரித்தாள்.

பஸ் போகும்வரை நான் தூணைவிட்டு வெளியே வரவில்லை.