அக்காவின் அலமாரியில் ஒரு புது வட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. அக்காவின் சமையலறை அலமாரியில் பிறந்தது. அங்கே ஒவ்வொரு தட்டிலும் பென்சில் கோடுகள் உண்டு. டம்ளருக்கு வட்டம், சர்க்கரை டப்பாவுக்குச் சதுரம், கத்தரிக்கோலுக்கு அதன் உருவத்திலேயே ஒரு கோடு. எடுத்த பொருள் தன் கோட்டுக்குள் திரும்பி வந்து உட்கார வேண்டும். கோடு போட்ட பொருள் இந்த வீட்டை விட்டுப் போகாது என்பது அக்காவின் சட்டம். கூடவே குடியிருக்கும் தங்கை, அதாவது இதை எழுதும் நான், என் டம்ளருக்கு ஒரு வட்டம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஒழுங்கு என்பது தனிமையின் மறுபெயர் என்று சொன்னால்..."

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால் உதை விழும்.)

இன்னொன்று: "அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது, அப்போது மிக்ஸி..."

(மழையெல்லாம் இல்லை. மிக்ஸி நின்றது மட்டும்தான் நிஜம்.)

ரிப்பேர் பார்க்க ஒருவர் வந்தார். சட்டைப்பையில் எப்போதும் திருப்புளி செருகியிருப்பார், அதனால் இந்தக் கதையில் அவர் திருப்புளி. மிக்ஸி சரியானது. ஆனால் அவர் வருவது நிற்கவில்லை. மிக்ஸி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வருவார். நன்றாக இருக்கிறது என்பாள் அக்கா. இரண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். ஒரு மிக்ஸியின் உடல்நலத்தைப் பற்றி இவ்வளவு பேசலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

3

இந்த ஆளை நம்பலாமா என்று எழுதுகிற எனக்கே சந்தேகம். ஒரு திருகாணியைத் தேட மேசையையே கவிழ்க்கிற மனிதர். காபி குடித்த டம்ளரை ஜன்னலில் வைப்பார், டி.வி. மேல் வைப்பார், ஒரு தடவை என் செருப்புமேல் வைத்தார். (மிகை என்று நினைக்கிறீர்களா? செருப்பு இன்னும் பிசுபிசுக்கிறது.)

நேற்று தன் கடையிலிருந்து சொந்த டம்ளரைக் கொண்டுவந்தார். அவர் போன பிறகு பார்த்தால், அது கழுவித் துடைக்கப்பட்டு, அக்காவின் டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். அது இருந்த இடத்தில், தட்டின் மேல், கோணல்மாணலாக ஒரு பென்சில் வட்டம்.

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சு போட்டாராடி, தெரியாம போட்டாரா?"

வந்த முதல் நாளே சட்டத்தை அவரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது நீதானே என்று நினைவுபடுத்தினேன். அக்கா காதுவரை சிவந்தாள். இன்று சாயங்காலம் அவர் வருகிறார். வட்டம் இருந்தால் ஒரு பதில், இல்லாவிட்டால் இன்னொன்று.

4

முடிவு அ: அக்கா ரப்பரால் வட்டத்தை அழிக்கிறாள். வீடு பழையபடி பளிச். நானும் அவளும் கடைசிவரைக்கும் இப்படியே...

(எழுத மனசு வரவில்லை. கொஞ்ச நாளாக அக்கா வீடு பெருக்கும்போது பாடுகிறாள். சுருதி எங்கேயோ போகிறது. ஆனாலும் அந்தப் பாட்டு எனக்கு வேண்டும்.)

முடிவு ஆ: அழிக்கிறாள். பிறகு காம்பஸ் எடுத்து, அதே இடத்தில் ஒழுங்கான வட்டம் ஒன்றைப்...

இந்த இடத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் முடிவ நான் எடுத்துக்கறேன். நீ பேனாவ மூடு."

5

மூடவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்ல முடிகிறது: அக்கா இப்போது ஈரத்துணியோடு அலமாரி முன்னால் நிற்கிறாள். தட்டு முழுவதையும் துடைத்துவிட்டாள். அந்த வட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அழைப்பு மணி.

என்னால் எழுந்திருக்க முடியாது, எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், போய்க் கதவைத் திறங்கள். ஆனால் கொஞ்சம் மெதுவாக நடந்து போங்கள். அக்கா ஈரத்துணியை எங்கேயோ வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் ஒரு பொருள் தொலைவது இதுதான் முதல் தடவை.