எட்டு நாள் விலாசம்

சீகிரியாவுக்குக் கிட்ட உள்ள அந்த ஹோட்டலில், நீச்சல் தடாகத்திலிருந்து கடைசிக் கபானாக் குடில் வரைக்கும் போனில் பேசிக்கொண்டே நடக்கலாம், பேச்சு அறாது. வழியிலுள்ள ஏழு வைஃபை பெட்டிகளும் அந்தப் போனை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றிக்கொள்ளும். நெட்வொர்க் அந்தப் போனுக்குக் கொடுத்த விலாசம் மட்டும் மாறாது. இதைச் செய்து வைத்தவன் அங்கே நெட்வொர்க் பார்க்கும் ஹஸீப். தான் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று அவனே சொல்வான்.

அவன் மனைவி ஸக்கியா கத்தாரில் வேலை செய்கிறாள். அவள் தங்கியிருக்கும் கட்டடத்தில் மாடிக்கு மாடி வேறு விலாசம். கீழே சாப்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டே படியேறுவாள். முதல் மாடி வந்ததும் அழைப்பு செத்துப்போகும். இரண்டு வருடமாக அவர்களுடைய முக்கியமான வசனங்களெல்லாம் அந்தப் படிக்கட்டிலேதான் சிதறிக் கிடக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அப்படித்தான். ஒப்பந்தத்தை நீட்டுவதா, ஊருக்கு வருவதா என்று அன்றைக்கு அவள் ஆபீஸில் சொல்லியாக வேண்டும்.

"நல்லா யோசிச்சேன். நான் எடுத்த முடிவு என்னண்டா..."

அவ்வளவுதான். படி வந்துவிட்டது.

பதற்றத்தில் ஹஸீப், விருந்தாளிகளுக்கு வழமையாகச் சொல்லும் வைத்தியத்தைத் தன் போனுக்கே செய்தான்: வைஃபையை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தான். அது சேரவில்லை. சமையலறைக்குப் பின்னாலுள்ள அவனது அறைக்கு மொபைல் சிக்னல் வருவது பெருநாளுக்குப் பெருநாள்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் விஜேந்திரன் வந்தார்.

"மச்சான், கலியாண ஆளுங்க முந்நூறு பேரும் என்னைய சுத்தி நிக்கிறாங்க. வைஃபை உள்ள விடுதில்லையாம். மாப்பிள்ளையோட தங்கச்சி லைவ் போட ஏலாம அழுவுது."

"என்னையும்தான் உள்ள விடுதில்ல."

"ஒன்னையுமா? நல்லா நடத்துற போ!"

கணினியைப் பார்த்தான். போனுக்கு ஒரு விலாசம் வேண்டும்; கொடுக்க ஒன்றுகூட மிச்சமில்லை. புதன்கிழமை பஸ்ஸில் வந்து, பஃபே சாப்பிட்டுவிட்டு ஒரு மணித்தியாலத்தில் போனவர்களுக்கெல்லாம் எட்டு நாளைக்கு விலாசம் பிடித்து வைத்திருந்தது அது. எட்டு நாள் என்று போட்டு வைத்த மடையனை வெளியே தேடத் தேவையில்லை. போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்புவது அவனுடைய பழைய வியாதி.

"போனவங்களையெல்லாம் தூக்கு," என்று விஜேந்திரன் திரைக்குள் எட்டிப் பார்த்தார். "அதென்ன, ஒன்னுக்கு மட்டும் நாளே இல்ல?"

அது ஸக்கியாவின் விலாசம். அவள் இதே ஹோட்டலின் ரிசப்ஷனில் இருந்தபோது, நிச்சயம் செய்த மாதத்தில் கொடுத்தது. மற்ற மாப்பிள்ளைமார் மோதிரம் கொடுப்பார்கள். ஹஸீப் காலாவதியாகாத விலாசம் கொடுத்தான். "இத எந்த விரல்ல போடுற?" என்று கேட்டாள் அவள்.

"அது இருக்கட்டும் சேர்."

விஜேந்திரன் பெயரை வாசித்தார். பிறகு அவன் தோளில் தட்டிவிட்டுக் கலியாண மண்டபத்துக்குப் போனார்.

ஹஸீப் எட்டு நாளை ஒரு மணித்தியாலமாக்கினான். புதன்கிழமைக்காரர்களைத் துடைத்தெறிந்தான். மண்டபத்திலிருந்து ஆரவாரம் கேட்டது. தங்கச்சி லைவ் போட்டுவிட்டாள் போல. அவன் போனும் உள்ளே வந்தது. வந்த கையோடு அடித்தது. ஸக்கியாதான்.

"எங்க ஈக்கிற?" என்றான்.

"முதல் படியில உக்காந்து ஈக்கிறேன். செல்லி முடிக்காம ஏற மாட்டேன். ஆக்கள் எல்லாம் என்னத் தாண்டித் தாண்டிப் போறாங்க."

"செல்லு."

"இன்னும் ஒரு வருஷம். ஒன்னே ஒன்னு. நம்ம வீட்டுக் கூரையப் போட்டுட்டு வந்துடுறேன்."

அழைப்பு அறுபடவில்லை. அறுந்திருந்தால் நெட்வொர்க்கைத் திட்டியிருக்கலாம்.

"கேக்குதா உங்களுக்கு?"

"நல்லாக் கேக்குது."

அவளைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது.

"என்ட விலாசம் இன்னும் ஈக்கா?"

"இப்பதான் முந்நூறு பேர் கேட்டு வந்தாங்க. குடுக்கல்ல."

அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். படியேறவில்லை. அந்த ஏழு பெட்டிகளுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் நடந்துகொண்டே பேசலாம். ஆனாலும் ஹஸீப் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.