பதினைந்து நிமிட மழை

"2004 அக்டோபர் 9, சனி. எண்ணூர். மழை காலை 6.40க்குத் தொடங்கியது. கூரைமேல் வைத்த மழைநீர் வாளியின் மூடியை 6.55க்குத்தான் திறந்தேன். தவறு என்னுடையது."

நோட்டில் தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் செங்கொடி பேனாவை மூடினாள். அப்பா வெள்ளத்துரை பெஞ்சில் கிடந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது.

மாலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே, ஆலைப்புகையிலிருந்து மழையில் இறங்கும் நச்சு கடலை என்ன செய்கிறது என்று அளக்கும் ஆய்வுக்கு அவள் தண்ணீர் சேகரித்துக் கொடுத்தாள். பருவத்தின் முதல் மழைநீர், அதற்கு முந்தைய கடல்நீர், பிந்தைய கடல்நீர், மூன்றும் வேண்டும். முந்தைய கடல்நீரை வியாழனன்று அப்பாதான் இருமிக்கொண்டே படகில் போய் மொண்டு வந்தார்.

"இன்னா கொட்றானுங்கன்னு எழுதி வைம்மா. வாயால சொன்னா எவன் கேக்குறான்?" என்று அன்று சொல்லியிருந்தார்.

சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துவிட்டுப் பத்து மணிக்கு வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. கூரைமேல் வாளியைக் காணோம். வாசலில் அப்பாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வாளி அத்தை வேம்புவின் காலடியில் கிடந்தது.

"கொழாயில தண்ணி வரல. லாரித் தண்ணி கலீஜ். எங்கண்ணன் தலைக்கு ஊத்த மழைத்தண்ணியாவது சுத்தமா கீதேன்னு எடுத்தேன்" என்றாள் அத்தை.

செங்கொடி கத்தினாள். ஒரு வருஷ வேலை என்றாள், யாரைக் கேட்டுத் தொட்டாய் என்றாள். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"செத்தவன விட உனக்கு வாளி பெருசாடி?"

வாளியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆய்வுக்குப் போதாது. அமிலம் பார்க்கும் காகிதப்பட்டையை நனைத்தாள். மஞ்சள் ஆரஞ்சாக மாறியது. நாலு. எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; நல்ல மழை ஐந்தரைக்குக் கீழே இறங்காது. அதிக அழுக்கோடு விழும் முதல் பதினைந்து நிமிட மழை இதில் இல்லவே இல்லை, அப்படியும் நாலு. கழிமுகத்துக்கு அப்பால் புகைபோக்கி எப்போதும்போலப் புகைந்துகொண்டிருந்தது. அதன்மேல் கல்லெறிய வேண்டும்போல அவளுக்குக் கை துடித்தது.

அத்தை அருகில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இன்னாடி சொல்லுது அந்தக் காகிதம்? தண்ணி சுத்தந்தானே?"

அத்தையின் கைகள் இன்னும் ஈரமாயிருந்தன. செங்கொடி பட்டையை உள்ளங்கையில் நசுக்கினாள்.

"சுத்தந்தான் அத்தை. நீ போ."

பிறகு நோட்டை எடுத்து, தாள் கிழியும்படி அழுத்தி எழுதினாள்:

"மழைநீர் போதவில்லை. பட்டையில் 4. நாளை காலை 6 மணிக்கு முகத்துவாரத்தில் கடல்நீர் எடுக்க வேண்டும். படகுக்கு ஆள் கேட்க வேண்டும். பால் ஊற்றுவது ஒன்பதுக்கு."