இடது கையின் ஊர்வலம்

மகளுக்கு எட்டு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளையில், அவளுடைய இடது கை இறந்துபோன அப்பாவின் கையாக மாறிவிட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மணிக்கட்டு வரை அவளுடையது; அதற்குக் கீழே நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளையின் கை, விரல் முட்டிகளில் ரோமமும், பெருவிரல் நகத்தில் ஒரு பிளவுமாக. பள்ளிக்கூட இசையறையில் அப்போது பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் பார்த்தார்கள். மற்ற மூவரும் வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரம் குச்சியை எப்படிப் பிடிப்பது என்று இசை வாத்தியார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பள்ளிக்கூட டிரம் ஸ்டாண்டின் மேல் தட்டையாக உட்கார்ந்திருக்கும். "ரெண்டு கையும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கணும். ரெண்டும் மேலேர்ந்து பிடிக்கணும்" என்றார் அவர். மகளின் வலது கை சொன்னபடி பிடித்தது. இடது கை மட்டும் மெல்லப் புரண்டு உள்ளங்கையை மேலே காட்டியது. குச்சியைப் பெருவிரல் இடுக்கில் படுக்கவைத்து, மோதிர விரலின் மேல் சாய்த்துக்கொண்டது. "இது என்ன, யாசகம் கேக்குற மாதிரி?" என்று வாத்தியார் அதைத் திருப்பிவிட்டார். அது மறுபடியும் புரண்டது. அவர் அந்தக் கையை ரிப்பனால் குச்சியோடு சேர்த்துக் கட்டினார். கை ரிப்பனை அவிழ்த்து, வாத்தியாரின் சட்டைப் பித்தானில் தீயணைப்புக்காரர்கள் மட்டுமே போடும் ஒரு முடிச்சாகப் போட்டுவிட்டது. அதன் பிறகுதான் அவர் கையை நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அப்பா தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். தீப்பிடிக்காத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், நிலையத்து பேண்டில் சைடு டிரம் வாசித்தார். நடந்துகொண்டே வாசிக்கும் டிரம் வாரில் தொங்கும். இடது தொடையில் முட்டி, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்கும். உயர்ந்த பக்கத்தில் கை மேலிருந்து இறங்கினால் முழங்கை காதைத் தொடும். ஆகவே அந்தக் காலத்து ஆட்கள் இடது கையை மல்லாத்திப் பிடித்து, கதவுக் குமிழைத் திருப்புவதுபோல மணிக்கட்டைத் திருப்பி அடித்தார்கள். சாய்ந்த டிரம்முக்குச் சாய்ந்த கை, அவ்வளவுதான் விஷயம். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு பெயின்ட் கிடங்கின் கூரை அவர்மேல் விழுந்தது.

அம்மா பேருந்துப் பணிமனையில் இருக்கை உறை தைப்பவள். பள்ளியிலிருந்து ஆள் வந்ததும் தலையில் நூல்பிசிறோடு அப்படியே ஓடிவந்தாள். மகளின் கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டு விரலுக்குக் கீழே, கல்யாணமான முதல் மாதம் அவள் கைதவறிச் சாய்த்த வெந்நீரின் தழும்பு இருந்தது. "என்னங்க" என்றாள். கை அவள் விரல்களை ஒரு முறை அழுத்தியது. தலைமையாசிரியை அன்று மகளுக்கு அரைநாள் விடுப்பு கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "தந்தை வருகை" என்று எழுதினார்.

டாக்டர் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். வயதுக்கு மீறிய வளர்ச்சி, மற்றபடி கை ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். தெருவில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. பிறகு குடிநீர்க் குழாய் உடைந்து பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. கை வீட்டோடு பழகிக்கொண்டது. தாழ்ப்பாள் போட்டதா என்று தானாகப் போய்ப் பார்க்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுவிட்டு அங்கேயே இருக்கும். மகள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பாள். தினமும் பணிமனையிலிருந்து வந்ததும் அம்மா சமையலறை மேசையில் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவாள். எந்த ஊசி உடைந்தது, மேற்பார்வையாளர் என்ன சொன்னார், மாமியார் வீட்டில் யார் முகம் தூக்கிவைத்திருக்கிறார்கள், எல்லாம். அந்த ஒரு மணி நேரமும் மகள் வலது கையால் வீட்டுப்பாடம் எழுதுவாள். நோட்டுப் புத்தகத்தைப் பிடிக்கக் கை இல்லாததால் அது நகர்ந்துகொண்டே போகும். அவள் கையெழுத்து கடைசிவரை ஏற்றத்தில் போகும் வண்டியாகவே இருந்தது.

டிரம் வகுப்பு நடந்தது. வாத்தியார் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஸ்டாண்டின் ஒரு காலை அறுத்து டிரம்மைச் சாய்த்துக் கொடுத்தார். இடது கைக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வலது கைதான் முதல் வகுப்புப் பிள்ளை. தடுமாறித் தடுமாறி, அடிவாங்கிக் கற்றது. ஆண்டுவிழாவில் எல்லோரும் இடது கையைப் பாராட்டினார்கள், சிலர் அதைக் குலுக்கிவிட்டும் போனார்கள். வலது கையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. மகள் அழுதாள். கண்ணைத் துடைக்க இடது கை வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. அந்த உள்ளங்கையைக் காதில் வைத்தால் பூட்ஸ் சத்தம் கேட்கும். ஒரு மனிதன் தனியாக நடக்கும் சத்தம், நிமிடத்துக்கு நூற்றிருபது அடி, தார்ச்சாலையில். மகள் தலைக்குக் கீழே கை வைத்துத் தூங்கும் பழக்கத்தை எட்டு வயதிலேயே விட்டுவிட்டாள். மடியில் கிடக்கும்போது கை அதிர்வதை அம்மா இதயத் துடிப்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

அது நடை என்று அம்மாவுக்குச் சொன்னவர், அப்பாவோடு நிலையத்து பேண்டில் பெரிய டிரம் அடித்தவர். மகளுக்குப் பதினான்கு வயதானபோது நிலையத்து பேண்டைக் கலைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த அப்பாவின் தொப்பியைக் கொடுக்க அவர் வந்தார். முப்பது வருஷம் பெரிய டிரம்மோடு ஒட்டிக் கிடந்ததால் இடது காது அவுட். கை அவரைக் கண்டதும் மேசையில் இரண்டு விரலால் தட்டியது. அவர் பதிலுக்குத் தட்டினார். பிறகு நல்ல காதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் கேட்டார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இவன் இன்னும் நடந்துக்கிட்டே இருக்கான்மா" என்றார். "ஊர்வலத்தை நிறுத்துறது சைடு டிரம்தான். ரெண்டு குச்சியும் சேர்த்து ரெண்டு அடி. அதுக்குப் பேரு நிறுத்தடி. அது விழாம பேண்டு ஆளு கால் நிக்காது. இவனோட கடைசி ஊர்வலத்துல இவன் டிரம்மை வண்டில இவன் பக்கத்துலயே வெச்சோம், மரியாதையா இருக்கட்டும்னு. அடிக்க ஆளில்ல. சுடுகாட்டு கேட்டு வந்துச்சு, நாங்க நின்னுட்டோம். அவனுக்கு யாரும் சொல்லல."

அம்மா தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள். "நடக்கட்டும்ணே. வீட்டுக்குள்ளதானே நடக்குறாரு" என்றாள்.

"நடக்குறவனுக்குக் கால் வலிக்காதா?"

"நிறுத்திட்டா போயிடுவாரில்ல?"

அவர் கேட்கவில்லை என்பதுபோலச் செவிட்டுக் காதைத் தடவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று வருஷம் அப்படியே போனது. கடைசி ஊர்வலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த அப்பாவின் டிரம்மை அம்மா இருக்கைத் துணியில் உறை தைத்து மூடி, அலமாரியின் தலையில் போட்டாள். நூற்றிருபது அடி நூறாகக் குறைந்தது, பிறகு எண்பது. உள்ளங்கையில் கொப்புளங்கள் வந்தன, குதிகாலில் வருமே, அந்த மாதிரி. அம்மா எண்ணெய் தடவினாள். பதினேழாவது வயதில் ஒரு மாலை, மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவின் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பரீட்சை முடிஞ்சு எத்தனை நாளாச்சு தெரியுமாம்மா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை.

"பதினெட்டு நாள். அந்த ஊசி உடைஞ்சது அப்பாவுக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்குப் பல்வலின்னு அப்பாவுக்குத் தெரியும். எங்கிட்ட நீ எதுவுமே சொல்றதில்ல. இங்க பாரும்மா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அம்மாவைச் சுட்டது. மடியிலிருந்த கையை எடுத்து அவள் முதல்முறையாகக் காதில் வைத்தாள். பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு கால் பதிந்தது, மறு கால் இழுபட்டது. ஏறக்குறைய பத்து வருஷமாக ஒரு மனிதன் நிற்கச் சொல்லி ஒரு வார்த்தை வராமல் நடந்திருக்கிறான், இப்போது நொண்டுகிறான். அம்மா அந்தக் கையின்மேல் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். அழுகையினூடேயும் பூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையைப் பிரித்து டிரம்மை இறக்கினாள். வாரை மகளின் தோளில் மாட்டி, தையற்காரிக்கே உரிய கண்ணோடு அளவு பார்த்து, இரண்டு துளை ஏற்றினாள். டிரம் இடது தொடையில் முட்டிச் சாய்ந்து நின்றது. வலது கை மேலிருந்து பிடித்தது, இடது கை மல்லாந்து பிடித்தது. மகள் வலது குச்சியை உயர்த்தினாள். இடது கை அசையவில்லை. மூன்று முறை முயன்றும் அசையவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அந்தக் கையின் தழும்பைத் தொட்டாள். "போதுங்க" என்றாள். "நாங்க வந்து சேந்துட்டோம். நில்லுங்க."

இரண்டு குச்சியும் சேர்ந்து இரண்டு முறை விழுந்தன. மூடிய கதவுகள் வழியே தெரு முழுக்கக் கேட்டது. நடந்துகொண்டிருந்தவர்கள் ஏனென்று தெரியாமல் நின்றார்கள். ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றினார். வீட்டுக்குள், அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பது கேட்டது. அப்புறம் வாரைத் தளர்த்திக்கொண்டு ஒருவர் உட்காரும்போது விடும் பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

இடது குச்சி தரையில் விழுந்து உருண்டது. பிடிக்க முடியாமல்தான் விழுந்தது. ஏனென்றால் பதினேழு வயதுப் பெண்ணின் மணிக்கட்டின் முனையில் இப்போது எட்டு வயதும் நான்கு மாதமும் ஆன ஒரு குழந்தையின் கை இருந்தது. ஆள்காட்டி விரலில் மூன்றாம் வகுப்பு மை. முழங்கால் சிராய்ப்பைச் சொறிந்த ரத்தத் துணுக்கு. நகங்கள் வளர்ந்து, உள்ளே மைதானத்து மண் அடைந்து கிடந்தது. அப்பா போன அந்தப் பதினோரு மாதத்தில் யாரும் வெட்டிவிடாத நகங்கள். அம்மா அவற்றைப் பார்த்தாள். எட்டு வயதில் அந்தப் பிள்ளை எப்படி இருந்தாள் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் நகவெட்டியை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். மகளையும் உட்காரவைத்தாள். சுண்டு விரலில் ஆரம்பித்தாள்.

"பரீட்சை எப்படி எழுதின?"

"கணக்கு கொஞ்சம் சொதப்பிட்டேன்."

"ஏன், என்ன வந்துச்சு?"

மகள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க மத்தியானமாயிற்று.

அந்தக் கை அதன் கணக்கில் ஆண்டுக்கு ஓர் ஆண்டாக வளர்ந்தது. கையுறைக் கடைக்காரர் இரண்டு ஜோடி வாங்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு பெரியதில் ஒன்றும் சிறியதில் ஒன்றும் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தார். மிச்சம் இரண்டுக்கும் ஆள் கிடைக்கும் என்று வைத்திருக்கிறார். மகளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது, இடது கைக்கு இருபத்து மூன்று. டிரம் வாசிக்கிறாள், குச்சியை அந்தக் கை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கும், யாரும் எதுவும் சொல்வதில்லை. அம்மா அவளோடு வெளியே போகும்போது, சாலையைக் கடக்குமுன் அந்த இளைய கையைப் பிடித்துக்கொள்கிறாள். வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கிறாள், அப்புறம்தான் நடக்கிறாள்.