மூன்றாவது சொல்

ருக்குமணிக்கு நினைவு பிசகுகிறது. அதை அவளே சொல்கிறாள், நம்பத்தான் ஆளில்லை.

முப்பது வருஷமாக நடந்து போய்வரும் பசாரிலிருந்து திரும்பும்போது, போன மாதம் மீன் பையும் கையுமாகச் சந்தியில் நின்றாள். வீட்டுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? வியர்த்துக் கொட்டிவிட்டது. இன்னொரு நாள், அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துவிட்டு, கேத்தலை வைத்தது யாரென்று அறை அறையாகத் தேடினாள். வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

"எனக்குந்தான் கார் சாவி மறந்துபோகுது. அறுபத்தெட்டு வயசாச்சுலா, விடும்மா" என்றாள் மகள் தேன்மொழி. அவளுக்கு மலாக்காவில் மேனேஜர் வேலை கிடைத்திருந்தது. ஜனவரியில் போய்விடுவாள். பிறகு இந்த வீட்டில் ருக்குமணியும் கேஸ் அடுப்பும்தான். தன்னைத் தனியாக விடலாமா கூடாதா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். அடம்பிடித்து மகளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். 'சென்ற ஆண்டைவிட நினைவில் மாற்றம் உண்டா?' ருக்குமணி எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டாள். அம்மாவைப் பற்றி மகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டாள். அப்புறம் பரிசோதனை. ருக்குமணி முழு மதிப்பெண் வாங்கினாள். தேன்மொழி சந்தோஷத்தில் வாசலிலேயே மலாக்காவுக்குப் போன் போட்டுச் சம்மதம் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் சுப்பையா வர ஆரம்பித்தார்.

பட்டப்பகலில், அவள் அரிசி களையும்போது, சமையலறை நாற்காலியில் வந்து உட்காருவார். துறைமுகத்தில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய மனுஷன், செத்தே பத்து வருஷம் இருக்கும். ருக்குமணி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக, எல்லாருக்கும் 'மிஸ்ஸி'யாக இருந்தபோது, இதே பரிசோதனையை அவருக்கு நடத்தினாள். மூன்று சொல் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். தாமரை, சாவி, கப்பல். கப்பல்களுக்கு நடுவிலேயே காலம் தள்ளியவருக்கு அந்தக் கப்பல்தான் வாயில் வரவில்லை.

"மூணாவது என்ன, மிஸ்ஸி?" என்று இப்போதும் கேட்டார். அதே முழி. ஐயோ, அந்த முழியை அவளால் பார்க்க முடியவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அவர் இப்படிக் கேட்டபோது அவள் உண்மையைச் சொல்லவில்லை. "பரவால்ல அண்ணே, நல்லாத்தான் சொன்னீங்க" என்று சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லுக்குப் பூஜ்யம் போட்டாள். அவருக்கு மட்டுமா? பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேருக்கு! யாருக்குப் பூஜ்யமோ, அவருக்குத்தான் அந்த வார்த்தையும் அந்தச் சிரிப்பும்.

மறுநாள் காலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்த மகளின் எதிரே உட்கார்ந்தாள். "நான் பாஸ் பண்ணல, தேனு. காப்பி அடிச்சேன்."

"என்னம்மா உளர்ற?"

"அவங்க இன்னும் அதே பழைய கேள்வித்தாளத்தான் வெச்சிருக்காங்க. அந்தக் கேள்வியெல்லாம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும். வேற சொல்லு குடுக்கச் சொல்லு. அப்பத் தெரியும்."

தேன்மொழி சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போனார்கள். பிரமிளா என்ற இளம் நர்ஸ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, வேறு தாளை எடுத்தாள். "மூணு சொல்லு சொல்றேன்மா. மழை, பொத்தான், வாத்தியார்." ருக்குமணி மூன்று தடவை திருப்பிச் சொன்னாள். பிறகு ஒரு கடிகாரம் வரைந்தாள். கிழமை சொன்னாள். மகளின் கல்யாணப் பேச்சைக்கூட எடுத்து இருவரையும் சிரிக்கவைத்தாள்.

"இப்ப அந்த மூணு சொல்லையும் சொல்லுங்கம்மா."

அப்பாடா, தயக்கமே இல்லை. வரிசை கட்டிக்கொண்டு வந்தன. "தாமரை, சாவி, கப்பல்" என்றாள். நிம்மதியாக இருந்தது. வீணாகத்தான் பயந்தோமா என்றுகூட நினைத்தாள்.

பிரமிளாவின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அவள் சிரித்தாள். "பரவால்லம்மா, நல்லாத்தான் சொன்னீங்க."

ருக்குமணி அந்தச் சிரிப்பையே பார்த்தாள். எது தப்பு என்று தெரியவில்லை. ஆனால் தப்பு என்று தெரிந்துவிட்டது.

"அத என்கிட்ட சொல்லாத தாயி" என்றாள். "அது என்னோட பொய்யி. எத்தன தப்பு? அத மட்டும் சொல்லு."

பிரமிளா தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மூணும்மா."

மூணுமா? ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் துழாவினாள். தாமரை இருந்தது, சாவி இருந்தது, கப்பல் இருந்தது. வேறொன்றும் அங்கே இல்லை.

"மிஸ்ஸி" என்று பக்கத்தில் மகளின் குரல் கேட்டது. "போன தடவ நான் எழுதிக் குடுத்த படிவத்தத் திருப்பிக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."