இஷ்பெல் வீட்டு மரியாதை

இஷ்பெல் வீட்டில் யாரும் அடுத்தவர் ஊசியைத் தொடுவது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெராயின் பவுடரை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் என்றதும் ஊரில் எல்லோருக்கும் முதலில் வருகிற சந்தேகம் அதுதான்.

அவள் வீடு கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கம், ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. உள்ளே வந்ததும் ஷூவைக் கழற்ற வேண்டும். கழுத்தில் கால்பந்து அணியின் துண்டு இருந்தால், ஊரில் அடித்துக்கொள்கிற இரண்டு அணிகளில் பச்சையோ நீலமோ, அதையும் கழற்ற வேண்டும். கூண்டில் இருக்கிற கிளியின் காதுபடக் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அடுத்தவன் ஊசியில் கைவைத்தவன் உடனே வெளியே போய்விட வேண்டும். எங்கள் கூட்டத்து டூகல் ஒருமுறை கைவைத்தான். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடியும் இறங்கிப் போனான். மறுநாள் ஒரு பொட்டலம் சாசேஜ் வாங்கிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சேர்த்துக்கொண்டாள்.

ஆற்றுப் பாலத்தடியில் ஒரே ஊசியைக் கைமாற்றிக்கொள்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. நாங்கள் அப்படி இல்லை. நாங்கள் இஷ்பெல் வீட்டு ஆட்கள்.

வீட்டுக்கு வாடகை மாதிரி நாங்கள் கொடுப்பது பஞ்சு. கரண்டியில் கரைத்த பவுடரை ஊசியில் இழுக்கும்போது தூசி ஏறாமலிருக்க ஒரு பொட்டுப் பஞ்சு வைப்போம். கொஞ்சம் பவுடர் அந்தப் பஞ்சிலேயே தங்கிவிடும். அது வீட்டுக்காரிக்குச் சேர வேண்டியது. மான் படம் போட்ட ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது, அதில் போட்டுவிட வேண்டும். கையில் பவுடர் இல்லாத காலைகளில் இஷ்பெல் அந்தப் பஞ்சுகளை ஊறவைத்துத் தனக்கு ஏற்றிக்கொள்வாள். பஞ்சு போடாமல் எழுந்து போவது விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரி முகத்தைப் பார்க்காமல் போவது மாதிரி. அப்படி யாரும் போனதில்லை.

நான் பரிசோதனை செய்துகொண்டது சாக்ஸுக்காக. வியாழக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நிற்கும். அதில் கிர்ஸ்டி என்கிற நர்ஸ் புது ஊசிகள் கொடுப்பாள். விரலில் குத்தி ரத்தம் கொடுத்தால் கம்பளி சாக்ஸும் கொடுப்பாள். நவம்பர் மாதம், என் ஷூவில் ஓட்டை. கொடுத்தேன். பிறகு, இன்னொரு டெஸ்ட் வேண்டும் என்று கையிலிருந்தும் ரத்தம் எடுத்தாள். அடுத்த வாரம் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"எச்.ஐ.வி. இருக்கு, ஷீனா."

"யாருக்கு?" என்று கேட்டேன். வேனில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"இப்பல்லாம் இதுல யாரும் சாகறதில்லம்மா. தினம் ஒரு மாத்திரை. ஒழுங்கா போட்டா உன்கிட்டேருந்து படுக்கையில அடுத்தவங்களுக்குப் போறதும் நின்னுடும்."

"மெதடோன் குடிக்க தினம் மருந்துக்கடைக்குப் போறேன். அங்கயே குடுக்கச் சொல்லு, இன்னொரு வரிசையில என்னால நிக்க முடியாது" என்றேன். மெதடோன் பவுடருக்குப் பதிலாகக் கொடுக்கிற மருந்து, கடைக்காரர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும்.

"சொல்றேன். ஊசிய யார்கூடயாவது..."

"நான் இஷ்பெல் வீட்டு ஆளு" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"சரி. கரண்டி?"

"ஒரே கரண்டிதான். நல்ல கரண்டி. அவ அம்மா கல்யாணத்துக்கு வந்தது."

"தண்ணி?"

"ஒரே கப்."

"பஞ்சு?"

"பஞ்சு இஷ்பெலுக்கு" என்றேன். கிர்ஸ்டி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பஞ்சு வழியாகவும் அது போகும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் உடம்பைப் பற்றிய பயமே அதன் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்த டப்பாவைப் பற்றிய பயம். நான் சிறையிலிருந்து வெளியே வந்தபோது என் சொந்த அக்கா கதவைத் திறக்கவில்லை. இஷ்பெல் திறந்தாள். சூப் கொடுத்து, சோபாவில் படுக்கச் சொல்லி, போர்வையைக் காலடியில் செருகிவிட்டவள் அவள். அவளுக்கு நான் கைம்மாறாகக் கொடுத்தது அந்தப் பஞ்சு ஒன்றுதான்.

அவளிடம் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களோடு அலஸ்டர் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு இது இருப்பது வெளியே தெரிந்ததும் யாரும் அவனைத் திட்டவில்லை, போகச் சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் டீ, அவனுக்கு மட்டும் காகிதக் கோப்பையில். ஒரு மாதம் அதில் குடித்தான், பிறகு வரவில்லை. வந்துகொண்டிருந்தவரை பஞ்சை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போனான். அதை வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அது மரியாதைக் குறைவாகப் போய்விடும்.

அதனால் நான் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு கரண்டி தனியாக வைத்துக்கொண்டேன். பஞ்சைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஷீனா, உன் பஞ்சு எங்க?" என்றாள் இஷ்பெல்.

"கீழ விழுந்துடுச்சு."

உடனே மால்கி முட்டிபோட்டுத் தரைவிரிப்பில் தேட ஆரம்பித்தான். மால்கி அந்த வீட்டில் இஷ்பெலுக்கு அடுத்தபடி. அவள் படுக்கையறைக்குப் போய்வர அனுமதி உள்ளவன், அதனால் வீட்டின் மேல் அவனுக்கு ஒரு பொறுப்பு. மூக்கு தரையில் உரசத் தேடினான். கிடைக்கவில்லை. மறுநாளும் என் பஞ்சு விழுந்தது.

"தினமும் எங்கடீ விழும்? இவ கமுக்கமா சேத்து வெக்கிறா, இஷ்பெல். எவனுக்கோ விக்கிறா."

"மால்கி, வாய மூடு" என்றேன்.

"பைய காட்டு."

காட்ட மறுத்தேன். இஷ்பெல் எழுந்து வந்து நின்றாள். ஆள் குள்ளம், ஆனால் அவள் எதிரே நிற்கும்போது யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

"என் சோபாவுல படுத்துகிட்டு என் பஞ்சையே திருடறியாடீ?"

"இல்ல."

"அப்ப பைய காட்டு."

நான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு நாளில் மருந்துக்கடை வரிசை முழுக்க நான் திருடி. எங்கள் கூட்டத்தில் திருடி என்பது சின்னப் பட்டமில்லை. கடையில் திருடலாம், சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வரலாம், அது பிழைப்பு. இஷ்பெலிடம் திருடினால் அதற்குப் பிறகு யாரும் உன்னோடு நின்று சிகரெட் பிடிக்க மாட்டார்கள். என்னோடும் பிடிக்கவில்லை. தங்கும் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. அங்கே படுத்துக்கொண்டு, பரவாயில்லை, என் பஞ்சு அவளுக்குப் போகவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கிர்ஸ்டியிடம் பெருமையாகச் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவள் முகம் மலரவில்லை.

"உன் பஞ்சு போகல. சரி. உனக்கு எங்கேருந்து வந்துச்சு, ஷீனா?"

"தெரியாது."

"யார்கிட்டேருந்து வந்துச்சோ அந்த ஆளு இன்னும் அந்த டப்பாவுல போட்டுட்டிருந்தா?"

நல்ல பெண், ஆனால் சமயத்தில் ஆளை உட்காரவிட மாட்டாள். லிஃப்ட் ஓடவில்லை. இஷ்பெல் வீட்டுக்கு ஒன்பது மாடியும் ஏறினேன்.

தொலைக்காட்சியில் வினாடி வினா ஓடிக்கொண்டிருந்தது. இஷ்பெல், மால்கி, டூகல் மூன்று பேரும் இருந்தார்கள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரக் கோட்டோடு வாசலருகிலேயே நின்று சொன்னேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, டப்பாவில் போடக் கூடாது என்றுதான் பஞ்சை எடுத்துக்கொண்டேன், பஞ்சு வழியாகவும் வருமாம், கரண்டி வழியாகவும் வருமாம்.

தொலைக்காட்சியில் யாரோ சரியான பதில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். டூகல் கையிலிருந்த கரண்டியை மெதுவாக மேசையில் வைத்தான்.

"அப்ப நீ திருடல" என்றாள் இஷ்பெல்.

"திருடல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அய்யோ, நான் மருந்துக்கடைல ஒருத்தர் விடாம சொன்னேனேடீ. அந்த பிள்ளைங்களோட வந்த பொம்பளகிட்டகூட சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எச்.ஐ.வி. என்ற வார்த்தையை அவள் இன்னும் தொடவேயில்லை. முதலில் திருட்டு விஷயம் தீர வேண்டும், அவள் அப்படித்தான்.

பிறகு எழுந்து போய் டீ போட்டாள். நான் கையை நீட்டி வாங்கினேன். பீங்கான் கோப்பை. மால்கி அதையே பார்த்தான்.

"என்னடா பாக்குற? டீல ஒண்ணும் வராது. அலஸ்டருக்கு நாம செஞ்சது தப்பு" என்றாள். என் பக்கம் திரும்பி, "பஞ்சுலயா வரும்? ஊசின்னுதான எல்லாரும் சொன்னாங்க?" என்றாள்.

"பஞ்சுலயும்தான்."

"ஊசிய நான் எவ்வளவு ஒழுங்கா பாத்துகிட்டேன்" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை இஷ்பெல் சட்டம் போட்டாள். வேனுக்குப் போய் ரத்தம் கொடுக்காதவன் அவள் சோபாவில் உட்கார முடியாது. இனி அவனவன் கரண்டி, அவனவன் தண்ணீர், பஞ்சு குப்பைக்கு. கிர்ஸ்டி வருடக்கணக்காக நோட்டீஸ் கொடுத்து நடக்காதது ஒரு சோபாவை வைத்து நடந்தது. மழையில் வரிசையாக நின்றோம். விரல் ரத்தத்தில் சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். டூகலுக்கு ஒன்றுமில்லை, கோல் போட்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். மால்கிக்கும் ஒன்றுமில்லை. வந்ததும் சாக்ஸைத்தான் முதலில் பிரித்துப் பார்த்தான். இஷ்பெல் கடைசியாகத்தான் போனாள், வீட்டுக்காரி என்றால் எல்லோரும் முடித்த பிறகுதான்.

வேனின் கதவு சாத்தப்பட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, கிர்ஸ்டி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். இஷ்பெல் சாக்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இன்னொரு டெஸ்ட் எடுப்பாங்களாம். ஆனா இருக்கும்னுதான் சொல்றா" என்றாள். பிறகு கிர்ஸ்டியிடம், "யாரோட பஞ்சுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாது. அது தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"சண்டைக்குக் கேக்கலம்மா. அலஸ்டரோடதோ, வேற யாரோடதோ. என் வீட்டுக்கு வந்தவங்க ஒருத்தர்கூடப் பஞ்சு போடாம போனதில்ல. கடைசியா ஒருத்தி போடாம போனா, அவள திருடின்னேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இஷ்பெல், நானும் போட்டிருக்கேன். டெஸ்டுக்கு முன்னால அத்தனை நாளும் போட்டிருக்கேன்."

"தெரியும்டீ. நீதான் எப்பவும் முதல்ல போடுவ. கேக்கவே வேண்டாம்." என் கையைப் பிடித்துக்கொண்டு கிர்ஸ்டியிடம் திரும்பினாள். "எங்க கூட்டத்துலயே இவளுக்குத்தான் மரியாத ஜாஸ்தி."

அவள் குத்திக்காட்டவில்லை. என்னை வேறொருவருக்கு அறிமுகம் செய்கிறபோது எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள். நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். என் முதுகைத் தட்டிக்கொண்டே, பையன்கள் மழையில் நிற்கிறார்கள், கதவைத் திறந்துவிடு என்றாள்.